பழைய அனிமே பாடல்களை வீட்டிலிருந்தே கிட்டாரில் பதிவு செய்ய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டு பிடிக்கத் தெரியும், மெட்டையும் ஓரளவு வாசிக்க வரும், ஆனால் பதிவு செய்து கேட்டால் ஏதோ குறைகிறது என்பவர்களுக்கான பக்கம் இது. எலக்ட்ரிக், அக்கூஸ்டிக் இரண்டுக்கும் பொருந்தும்.

முதல் பாடலாக எதை எடுப்பது?

மெட்டு வாயில் தானாக வருகிற பாடலை எடுங்கள். தாப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் குறிப்பு) பார்த்து மட்டுமே தெரிந்த பாடலை வாசித்தால் அது கேட்பவருக்கும் தெரிந்துவிடும்.

முழுப் பாட்டையும் எடுக்க வேண்டாம். டிவியில் தொடக்கப் பாடலுக்குக் கிடைப்பது சுமார் 90 விநாடி. சிடியில் வந்த முழு வடிவம் பெரும்பாலும் நான்கு நிமிடத்தைத் தொடும். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் பாடலில் 90 விநாடி என்பது 192 அடி, நான்கடித் தாளத்தில் 48 பார். நாற்பத்தெட்டு பாரைச் சுத்தமாக முடிக்க ஒரு வார இறுதி போதும். நான்கு நிமிடப் பாட்டைத் தொட்டவர்களில் பாதிப்பேர் இரண்டாம் சரணத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். பார்ப்பவர் மனதில் நிற்பதும் அந்த 90 விநாடிதான்.

டிவி வடிவம் என்பது சிடி வடிவத்தை நறுக்கியது மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். சில பாடல்களில் முன்னிசை சுருங்கியிருக்கும், முடிவு வேறாக இருக்கும், தனியாகப் பாடிப் பதிந்ததும் உண்டு. இரண்டையும் கேட்டு, ஒன்றை முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

எந்த வகைப் பாடல் கிட்டாருக்கு ஒத்துவரும்?

ராக் இசைக்குழு வாசித்த பாடல்கள் ஏற்கெனவே கிட்டாருக்காக எழுதப்பட்டவை, அதனால் எளிது. 1986இல் செயின்ட் செய்யாவுக்கு மேக்-அப் குழு பாடியதும், நருட்டோவின் இரண்டாம் தொடக்கப் பாடலான ஏஷியன் குங்ஃபூ ஜெனரேஷனின் பாட்டும் இந்த ரகம். முதலாவதில் ஹார்ட் ராக் சோலோ, இரண்டாவதில் வேகமான எட்டிலொரு ஸ்ட்ரோக் (ஓர் அடிக்கு இரண்டு). சிந்தசைசரும் வயலின் கூட்டமும் சுமந்து செல்லும் பாடல்களில் கிட்டாருக்கு வேலை குறைவு. நீங்கள்தான் புதிதாக அமைக்க வேண்டும். பிராஸ் முழங்கும் ஜாஸ் பாணி, குறிப்பாக 1998இல் வந்த கௌபாய் பீபாப்பின் தொடக்க இசை போன்றவை, ஒரே கிட்டாரில் கடைசியாகத் தொட வேண்டியவை.

ட்யூனர் சரியென்கிறது. ஆனால் மூலப் பாட்டோடு சேர்த்து வாசித்தால் சுருதி விலகுகிறது. ஏன்?

பெரும்பாலும் உங்கள் கிட்டார் மீது தப்பில்லை; கையில் இருக்கும் கோப்பின் வேகமே மாறியிருக்கும்.

அனிமே விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஐரோப்பிய டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது 25 ஃப்ரேமாக ஓட்டிவிடுவது பழைய வழக்கம். அதனால் எல்லாமே சுமார் 4 சதவீதம் வேகமாகி, சுருதி 70 சென்ட் ஏறிவிடும். ஒரு அரை ஸ்டெப்புக்கு 100 சென்ட். ஆக அது எந்த ஸ்கேலிலும் உட்காராமல் நடுவில் தொங்கும். டிவிடியிலிருந்து உருவிய ஒலி இணையத்தில் ஏராளம். இன்னொரு பக்கம், காப்பிரைட் கண்காணிப்பில் சிக்காமலிருக்க வேண்டுமென்றே சுருதியை ஏற்றி இறக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் சின்னது: சில பதிவுகளின் அடிப்படை ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் இல்லை. ஜப்பானில் கச்சேரிப் பியானோவை 442க்கு ட்யூன் செய்வது சாதாரணம். வித்தியாசம் 8 சென்ட்தான். தனியாகக் கேட்டால் தெரியாது. மூலத்தோடு சேர்ந்து நீளமான ஸ்வரம் பிடிக்கும்போது அலையலையாக அதிரும்.

சோதிக்கும் முறை: அதிகாரபூர்வ ஸ்ட்ரீமிங்கிலோ சிடியிலோ உள்ள பாடலை எடுங்கள். பாடகர் நீட்டிப் பிடிக்கும் ஓர் இடத்தையோ, பேஸ் தனியாக நிற்கும் இடத்தையோ இரண்டு விநாடி லூப்பில் போட்டு, அதே ஸ்வரத்தை வாசித்துப் பாருங்கள். 10 சென்ட்டுக்குள் விலகல் என்றால் ட்யூனரின் அடிப்படையை 441, 442 என்று நகர்த்துங்கள். அதற்கு மேல் என்றால் கிட்டாரைத் தொடாமல், ரெக்கார்டிங் மென்பொருளில் மாதிரிக் கோப்பின் சுருதியைத் திருத்துங்கள். ஆனால் மூலம் சரியாக 100 சென்ட் கீழே இருந்து, அதில் திறந்த கம்பிகளின் ஒலி கேட்டால், அந்தக் கிட்டாரிஸ்டே அரை ஸ்டெப் இறக்கி வாசித்திருக்கிறார். நீங்களும் ஆறு கம்பியையும் இறக்கிவிடுங்கள்.

இன்டொனேஷனையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் அழுத்தி வாசித்த ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். அழுத்தியது கூடுதலாக வந்தால் பிரிட்ஜில் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் முன்னால். மெட்டு பத்தாம் ஃப்ரெட்டுக்கு மேலே ஓடும் பாடல்களில் இதைத் தவிர்த்தால் என்ன செய்தாலும் சேராது.

பாடகர் பாடும் மெட்டை அப்படியே வாசிக்கிறேன். ஆனால் தட்டச்சு இயந்திரம் மாதிரி இருக்கிறது.

கவர் பதிவுகளில் எல்லாரும் விழும் குழி இது. கிட்டாரின் விலையும் ப்ளகினும் இதற்கு உதவாது.

ஜப்பானியப் பாட்டில் பொதுவாக ஒவ்வொரு குறுகிய ஒலி அலகுக்கும் ஒரு ஸ்வரம் விழுகிறது. அதனால் ஒரே ஸ்வரம் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து வரும். பாடகர் பாடும்போது ஒவ்வொன்றிலும் மெய்யும் உயிரும் மாறுவதால் காது சலிப்பதில்லை. கிட்டாரில் எழுத்து இல்லை. அதே பிக், அதே இடம், அதே பலம் என்றால் டக் டக் டக் என்றுதான் வரும்.

நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியனின் தொடக்கப் பாடலை எடுத்துக்கொள்வோம். 1995இல் யோகோ தகாஹஷி பாடியது. சி மைனர், வேகம் சுமார் 128. முதல் வரி சி, இ ஃப்ளாட், எஃப் என்று ஏறி, எஃப்பிலேயே சில முறை தட்டிவிட்டு பி ஃப்ளாட்டுக்குத் தாவி, ஏ ஃப்ளாட், ஜி என்று இறங்குகிறது. அந்த எஃப் வரிசையில் முதலாவதை மட்டும் பிக்கால் தட்டுங்கள். இரண்டாவதற்குக் கீழேயிருந்து விரலைச் சறுக்கி ஏறுங்கள். மூன்றாவதை இன்னும் மெல்லத் தட்டி, பிக்கைக் கழுத்துப் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்துங்கள். பி ஃப்ளாட்டுக்குத் தாவும்போது ஏ ஃப்ளாட்டிலிருந்து முழு பெண்ட் போட்டுப் பாருங்கள். ஸ்வரங்கள் அதேதான், ஆனால் வரி பாட ஆரம்பித்துவிடும்.

ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி மேலே ஏறிச் சேர்வது ஜப்பானியப் பாடகர்களின் வழக்கம். அவர்கள் நாட்டுக் கரோக்கி இயந்திரங்கள் அதை எண்ணிக் காட்டவே செய்கின்றன. நம் கர்நாடக இசையில் ஜாரு கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சறுக்கலை எங்கே வைப்பது என்பது சீக்கிரம் பிடிபடும். ஆனால் எல்லா ஸ்வரத்துக்கும் போடக் கூடாது. ஒரு வரிக்கு இரண்டு போதும். வைப்ரேட்டோவும் அப்படித்தான்: ஸ்வரம் பிடித்தவுடன் ஆட்டாமல், பாதி நேரம் நேராக நிறுத்திவிட்டுப் பிறகு ஆட்டுங்கள்.

மூச்சு என்று ஒன்றும் இருக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நீங்களும் கம்பியை முழுதாக அமுக்கி நிறுத்துங்கள். வாசிக்கும் முன் வரியை ஒருமுறை வாயால் பாடிப் பாருங்கள். சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கூஸ்டிக்கில், மெட்டும் பேஸும் சேர்த்து ஒரே ஆளாக வாசிக்க எந்த ஸ்கேல்?

சி மைனரில் திறந்த கம்பிகள் அதிகம் கைகொடுக்காது. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்தும் கவ்வி) போட்டு, ஏ மைனர் வடிவங்களில் வாசியுங்கள். மேலே சொன்ன வரி இப்போது கேப்போவிலிருந்து எண்ணினால் மூன்றாம் கம்பி 2ஆம் ஃப்ரெட், இரண்டாம் கம்பி 1, இரண்டாம் கம்பி 3, முதல் கம்பி 3, முதல் கம்பி 1, முதல் கம்பி திறந்தது. முழு வரியும் மூன்று ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிட்டது. கட்டைவிரலுக்கு ஐந்தாம் கம்பியில் திறந்த ஏ காத்திருக்கிறது.

மற்ற பாடல்களுக்கும் இதே கணக்கு: மெட்டின் உச்ச ஸ்வரம் முதல் கம்பியில் கேப்போவிலிருந்து 5 அல்லது 7ஆம் ஃப்ரெட்டைத் தாண்டாதபடி கேப்போவை வையுங்கள். மெட்டு மூன்றாம் கம்பிக்குக் கீழே போனால் பேஸோடு குழம்பும். கேப்போ போட்ட பிறகு மறுபடி ட்யூன் செய்யுங்கள். அது கம்பிகளை அழுத்திச் சுருதியைச் சற்று ஏற்றிவிடும்.

கார்டுகளைக் காதால் பிடிக்கும்போது ஒரு குறுக்கு வழி: சி மேஜரில் எஃப், ஜி, இ மைனர், ஏ மைனர் என்ற வரிசை அனிமே பாடல்களின் பல்லவியில் அடிக்கடி வரும். கேட்கும் பாடலின் ஸ்கேலுக்கு மாற்றி முதலில் இதைப் போட்டுப் பாருங்கள். கடைசிப் பல்லவியில் ஸ்கேல் அரை ஸ்டெப்போ முழு ஸ்டெப்போ ஏறுவதும் சகஜம். கேப்போவோடு வாசிப்பவர்கள் அந்த இடத்தை வெட்டி, கேப்போவை நகர்த்தித் தனி டேக்காக எடுத்து ஒட்டலாம்.

குறைந்தபட்சம் என்னென்ன வாங்க வேண்டும்?

கணினி, இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், மூடிய வகை ஒயர் ஹெட்ஃபோன், நல்ல கேபிள், புதுக் கம்பி. இன்டர்ஃபேஸுக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்ற எதுவும் போதும். கேபிள், கம்பி இரண்டுக்கும்தான் ஆட்கள் கஞ்சத்தனம் பார்க்கிறார்கள். பழைய கம்பியின் மங்கலை எந்த ஈக்யூவும் சரிசெய்யாது. பதிவுக்கு முந்தைய நாள் மாற்றி, ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்து, மீண்டும் மீண்டும் ட்யூன் செய்து வையுங்கள். அன்றே மாற்றினால் டேக்கின் நடுவில் இறங்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் பதிவு செய்ய முடியாது. தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டிவிடும்.

மென்பொருளுக்கு மேக் என்றால் கேரேஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பரை 60 நாள் முழுதாகச் சோதித்துப் பார்க்கலாம்.

லெவல், சாம்பிள் ரேட், பஃபர் எல்லாம் எவ்வளவு?

வீடியோவோடு சேர்க்கப் போவதால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கிட்டாரை இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் பொத்தானை அழுத்திய பிறகே செருகுங்கள். லைன் இன்புட்டில் போட்டால் இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) பொருந்தாமல் உயர் ஒலிகள் செத்துவிடும். "என் கிட்டார் போர்வைக்குள்ளிருந்து ஒலிக்கிறது" என்ற புகாரில் பாதி இதுதான்.

பாட்டிலேயே பலமாக அடிக்கும் இடத்தை வாசித்து, உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே நிற்கும்படி கெய்னைத் திருப்புங்கள். 24 பிட்டில் சிவப்பு விளக்கு வரை ஏற்ற எந்தத் தேவையும் இல்லை.

பஃபர் (கணினி ஒரே தவணையில் எடுத்துக் கையாளும் ஒலியின் அளவு) பதியும்போது 64 அல்லது 128 சாம்பிள். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்பது ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட்; உள்ளே போய் வெளியே வர, ட்ரைவரையும் சேர்த்து, 10 பக்கம் வரும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர் போகிறது. ஆக 10 என்பது ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், கை பழகிவிடும். 20ஐத் தாண்டினால் தாளம் பின்னுக்கு இழுக்கும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் சொந்த ஆசியோ (தாமதம் குறைக்கும்) ட்ரைவரைப் போடுங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 1024க்கு ஏற்றிவிடலாம்.

ஆம்ப் இல்லை. பரவாயில்லையா?

வீட்டில் அக்கம்பக்கம் தாங்கும் சத்தத்தில் நிஜ ஆம்பை மைக் வைத்துப் பதிவதைவிட, மென்பொருள் ஆம்பே நன்றாக வரும். நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம். நிஜ ஆம்ப்களிலிருந்து பிடித்த மாதிரிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்த மாதிரி ஆம்ப் தலையை மட்டும் பிடித்ததா, ஸ்பீக்கரையும் சேர்த்தா என்று பாருங்கள். தலை மட்டும் என்றால் பின்னால் ஒரு கேபினட் ஐஆர் கோப்பு (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையைப் பிடித்து வைத்தது) கட்டாயம். அதை விட்டால் டிஸ்டார்ஷன் காதைக் கிழிக்கும் கரகரப்பாக வரும். ஸ்பீக்கர் தான் உயர் ஒலிகளை வெட்டித் தருகிறது. ஐஆரை இரண்டு முறை போட்டால் மந்தமாகிவிடும்.

எண்பதுகளின் ஹார்ட் ராக் பாடலுக்கு மார்ஷல் ஜேசிஎம்800 வகை ஆம்ப், முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல், அதன் டிரைவ் ஏறக்குறைய பூஜ்யம், லெவல் அதிகம். அதே காலத்து மினுமினுப்பான சுத்த ஒலிக்கு 1975இல் ரோலண்ட் வெளியிட்ட ஜேசி-120 ஆம்பின் கோரஸ். கெய்ன் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கட்டும். இரண்டு மூன்று அடுக்கு சேரும்போது டிஸ்டார்ஷன் தானாகப் பெருகும்.

எப்படியிருந்தாலும் ஆம்ப் ஒலி கலக்காத பச்சை டிஐ ட்ராக்கை (கிட்டாரிலிருந்து நேரடியாகப் பதிந்ததை) பத்திரமாக வையுங்கள். டோன் பிடிக்கவில்லை என்றால் மறுபடி வாசிக்க வேண்டியதில்லை.

'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் பின்னாலேயே வருகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150இலும் கேட்கும். வரிசையாக இப்படிக் கழியுங்கள்.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். சத்தம் நின்றால் எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜர்தான் காரணம்; டேக் எடுக்கும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். நிற்கவில்லை என்றால் மின்விசிறியையும் விளக்கையும் அணையுங்கள். டிம்மர் வகை ரெகுலேட்டர்கள் மின்னலையை நறுக்குவதால் கிட்டார் பிக்கப்பில் கரகரவென்று விழும். மின்தடை நேரத்தில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பதியவே வேண்டாம்.

அடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெல்லத் திரும்புங்கள். சிங்கிள் காயில் பிக்கப் என்றால் ஏதாவது ஒரு கோணத்தில் சத்தம் பாதியாகும். அந்தக் கோணத்தில் நாற்காலியைப் போடுங்கள். கம்பியைத் தொட்டால் சத்தம் குறைவது சகஜம். தொட்டால் கூடுகிறது, அல்லது லேசாகச் சுரீரென்கிறது என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். மூன்று முள் ப்ளக்கின் எர்த் முள்ளை வெட்டிச் சத்தத்தை நிறுத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மிச்சம் இருப்பதற்கு நாய்ஸ் கேட் (ஒரு வரம்புக்குக் கீழான ஒலியை அடைத்துவிடும் கருவி). அதை ஆம்புக்கு முன்னால், டிஐயில் போடுங்கள். நீட்டிப் பிடித்த ஸ்வரம் பாதியில் அறுபட்டால் வரம்பு அதிகமாகிவிட்டது.

ஒரே டேக்கை நகலெடுத்து இடமும் வலமும் போட்டால் அகலம் வருமா?

வராது. ஒரே ஒலி இரண்டு பக்கமும் சமமாக வந்தால் காது அதை நடுவில்தான் வைக்கும். ஒன்றை 15 மில்லிசெகண்ட் தள்ளினால் ஹெட்ஃபோனில் அகலமாகத் தெரியும். மோனோவில் சேரும்போது அலைகள் ஒன்றையொன்று தின்று ஒலி ஒல்லியாகிவிடும்.

ரிதம் பகுதியை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடம், மற்றதை முழு வலம் வையுங்கள். இரண்டாவதை வேறு பிக்கப்பிலோ வேறு ஐஆரிலோ எடுத்தால் இன்னும் விரியும். இரண்டும் தாளத்தில் ஒட்டவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் இரட்டையாகக் கேட்கும். லீட் கிட்டார் எப்போதும் ஒற்றை, நடுவில்.

டிரம்ஸ், பேஸ், பிராஸ் எல்லாம் எங்கிருந்து வரும்?

முதலில் மூலத்தின் டெம்போவைக் கண்டுபிடித்து, க்ளிக்கோடு (மெட்ரோனோம் ஒலியோடு) ஓட்டிப் பாருங்கள். எழுபதுகளில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த பதிவுகள் க்ளிக்கை விட்டு நழுவும். அவற்றுக்கு நிலையான டெம்போவில் சொந்தப் பின்னணி அமைப்பதே நிம்மதி.

டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம் கிட் 2 இலவசம். எல்லா அடியும் ஒரே பலத்தில் இருந்தால் பொம்மை டிரம்ஸ்தான். ஹை-ஹாட்டில் ஒன்று விட்டு ஒன்றைப் பலம் குறையுங்கள். ஸ்னேரில் எண்பதுகளின் மணம் வேண்டுமென்றால் பெரிய ரிவர்பைப் போட்டு, அதன் வாலை நாய்ஸ் கேட் கொண்டு சட்டென்று வெட்டுங்கள். பேஸ் கிட்டார் இல்லாதவர்கள் சாதாரணக் கிட்டாரிலேயே வாசித்து ஓர் ஆக்டேவ் இறக்கலாம். ஒற்றை ஸ்வரங்களுக்கு நன்றாகவே வரும். அனிமே பாடல்களில் பேஸ் சும்மா மூல ஸ்வரத்தில் நிற்காமல் நன்றாக ஓடும். அதை எளிமையாக்கினால் பாட்டின் உந்துதலே போய்விடும்.

பிராஸ் முழக்கங்களை முதல் மூன்று கம்பியில் ட்ரையாடாக (மூன்று ஸ்வரக் கார்டாக) பிடித்து, அடித்தவுடன் விரலைத் தளர்த்தி நிறுத்துங்கள். வயலின் நீட்டல்களுக்கு வால்யூம் திருகியைச் சுண்டுவிரலால் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, நீளமான டிலே சேருங்கள்.

அக்கூஸ்டிக்குக்கு மைக்கை எங்கே வைப்பது?

ஓட்டைக்கு நேராக மட்டும் வேண்டாம்; அங்கே 'பூம்' என்ற கீழ் ஒலி பெருகும். கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தானைப் போட்டு, கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒல்லியாக ஒலித்தால் ஓட்டைப் பக்கம் இரண்டு விரல் அகலம் திருப்புங்கள், பூம் என்றால் கழுத்துப் பக்கம்.

அறையில் மூலையும் வெறும் சுவரும் எதிரி. துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவிட்டு அதை எதிர்நோக்கி உட்காருவது, சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுவதைவிடப் பலமடங்கு மேல். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், அதனால் சித்திரை வெயிலில் இரண்டிரண்டு நிமிடமாக எடுங்கள். ஹெட்ஃபோனிலிருந்து க்ளிக் மைக்கில் கசியும்; கடைசி ஸ்வரம் அடங்கும் இடத்தில் அது அப்பட்டமாகக் கேட்கும். க்ளிக்கை அந்தப் பாரில் மௌனமாக்கிவிடுங்கள்.

டேக்குகளை வெட்டி ஒட்டுவது ஏமாற்று வேலையா?

இல்லை, எல்லா ஸ்டுடியோவும் செய்வதுதான். நான்கு அல்லது எட்டு பாரை லூப்பில் போட்டுச் சில முறை வாசித்து, நல்லதைத் தேருங்கள். வெட்டு பிக் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் விழ வேண்டும். 5 முதல் 10 மில்லிசெகண்ட் க்ராஸ்ஃபேடு கொடுத்தால் 'டிக்' வராது. அடுத்த பகுதியின் டேக்கை, முந்தைய பகுதியின் கடைசி பாரிலிருந்தே வாசித்துத் தொடங்குங்கள். இல்லையென்றால் முந்தைய ஸ்வரத்தின் வால் காணாமல் போய் ஒட்டு தெரியும். ஆனால் வீடியோவில் கையைக் காட்டப் போகிறீர்கள் என்றால் ஒட்டிய இடத்தில் கையும் ஒலியும் பொருந்தாது. அந்த இடத்தில் கேமரா கோணத்தை மாற்றுங்கள்.

மிக்ஸில் எண்களாகச் சொல்ல முடியுமா?

தொடக்கப் புள்ளியாக மட்டும். கிட்டாரின் ஆறாம் கம்பி 82 ஹெர்ட்ஸ். ரிதம் கிட்டாரில் 90 முதல் 100க்குக் கீழே வெட்டுங்கள், பேஸுக்கு இடம் கிடைக்கும். டிஸ்டார்ஷன் கிட்டாரில் 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டலாம். குழம்பியிருந்தால் 250 முதல் 400 வரை, குத்தினால் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இரண்டு மூன்று டெசிபல் இறக்குங்கள். லீட் தெரியவில்லை என்றால் லீடை ஏற்றும் முன், ரிதமில் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குழியுங்கள்.

டிலேயைத் தாளத்தோடு கட்டுங்கள்: 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஓர் அடி, அதில் முக்கால் பங்கு புள்ளியிட்ட எட்டிலொன்று. 128க்கு 352 மில்லிசெகண்ட். ரிவர்புக்கு 30 மில்லிசெகண்ட் ப்ரீ-டிலே கொடுத்தால் மெட்டு முன்னால் நிற்கும்.

யூடியூப் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸைவிட (சராசரிச் சத்தத்தின் அளவீடு) சத்தமானதை இறக்கிவிடும். அதனால் லிமிட்டரில் நசுக்கி ஒரு பயனும் இல்லை. உச்சம் மைனஸ் 1 டெசிபல் போதும். முடித்ததும் ஃபோன் ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். பெரும்பாலோர் கேட்கப் போவது அதில்தான். மெட்டு அங்கே மறைந்தால் மிக்ஸ் இன்னும் முடியவில்லை.

வீடியோவும் ஒலியும் போகப் போக விலகுகின்றன.

தொடக்கத்தில் கைதட்டி இரண்டையும் பொருத்திய பிறகும் விலகினால், ஃபோன் மாறும் ஃப்ரேம் ரேட்டில் எடுத்திருக்கிறது. எடிட் செய்யும் முன் ஹேண்ட்பிரேக்கில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றுங்கள், அது இலவசம். முதல் விநாடியிலிருந்தே ஒலி 9 சதவீதம் வேகமாகவும் சுமார் 150 சென்ட் உயர்ந்தும் ஓடினால், 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை எங்கோ 48 என்று படித்திருக்கிறது.

காப்பிரைட் வருமா?

இரண்டு உரிமைகளைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று பாடலை எழுதி இசையமைத்தவர்களுடையது, மற்றது அந்த ஒலிப்பதிவினுடையது. முதலாவதை ஜப்பானில் பெரும்பாலும் ஜாஸ்ராக், நெக்ஸ்டோன் என்ற உரிமை நிர்வாக அமைப்புகள் நிர்வகிக்கின்றன. இந்த இரண்டு அமைப்புகளுக்கும் யூடியூபோடு ஒப்பந்தம் உண்டு. நீங்களே வாசித்த கவருக்கு வழக்கமாக வருவது கன்டென்ட் ஐடி (யூடியூபின் தானியங்கிக் கண்டறிதல்) உரிமைகோரல்தான். விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், வீடியோ இருக்கும். அது ஸ்ட்ரைக் (கணக்கின் மேல் விழும் எச்சரிக்கை) இல்லை, பதற வேண்டாம். வீணாக எதிர்த்து முறையிடவும் வேண்டாம்.

சிக்கல் வருவது வேறு இடத்தில். சிடியில் வந்த கரோக்கி ட்ராக்கைப் பின்னணியாகப் போட்டால் அது இசை நிறுவனத்தின் ஒலிப்பதிவு, ஜாஸ்ராக் ஒப்பந்தம் அதை மூடாது. மென்பொருளால் குரலை நீக்கிய மூலமும் அதே கதை. அனிமே காட்சிகளைப் பின்னால் ஓட்டினால் அந்தப் படத்தின் தயாரிப்புக் குழு தனியாக வருவார்கள், அங்கேதான் தடையும் ஸ்ட்ரைக்கும். பின்னணியை நீங்களே அமைத்து, திரையில் உங்கள் கையைக் காட்டுவதுதான் பாதுகாப்பு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு கவர் பதிவுக்கு ஒரு வழி தருகிறது. முதல் பதிவு வந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். வீட்டில் வாசிப்பவருக்கானது இல்லை. ஸ்பாட்டிஃபை போன்றவற்றில் போட விரும்பினால், கவருக்கான உரிமத்தையும் சேர்த்து வாங்கித்தரும் விநியோகச் சேவையை நாடுங்கள்.

நான் எழுதிய தாபை விற்கலாமா?

அமைப்பு உங்களுடையதாக இருக்கலாம், மெட்டு உங்களுடையது இல்லை. யூடியூப் ஒப்பந்தம் தாளில் எழுதி விற்பதற்குப் பொருந்தாது. இலவசமாகப் பதிவேற்றுவதும் கூட அனுமதி தேவைப்படும் காரியம்தான். பல தாப் தளங்கள் பதிப்பாளர்களோடு ஒப்பந்தம் வைத்து, விற்பனையில் ஒரு பங்கை எழுதியவருக்குத் தருகின்றன. உங்கள் பாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கே போடுங்கள்.